ஆடு தின்னாத நூல்

சரசு, எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்டவளே,

நான் சொல்லச் சொல்ல உன் மகள் மலர் இதை எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டுதான் என்பது உனக்குத் தெரியும். எழுத்து இல்லாதவனுக்குக் குறித்து வைக்க வேறு இடம் ஏது? எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கிறது.

உன் கருமாதி முடிந்து நாற்பது நாள் ஆகிறது. மாப்பிள்ளை, உன் வீட்டுக்காரர், காலையில் இரண்டு இட்லி சாப்பிடுகிறார். மூன்றாவதை வைத்தால் தட்டை நகர்த்திவிடுகிறார். களம்பூர் வீட்டுக் கொய்யா காய்த்துக் கீழே கொட்டுகிறது, பொறுக்க ஆளில்லை. இங்கே ஏரி இந்த வருஷம் நிறைந்து வழிந்து கோடி போகிறது.

போன வாரம் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அதில் கிடைத்த ஒன்றைப் பற்றி உன்னிடம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் சின்ன மலைக்குப் போன அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். மலருக்குப் பாதிதான் தெரியும், படிக்கிறவர்களுக்கு அதுவும் தெரியாது.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. எனக்கு முப்பத்திரண்டு, உனக்கு இருபத்து நாலு. அப்பா இல்லை. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் உன் இடது கால் சூம்பிப் போயிருந்தது. தறியில் மிதி மிதிக்க முடியாது என்று உன்னை ராட்டையில் உட்காரவைத்துத் தார் சுற்றக் கற்றுக்கொடுத்தார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைக் குச்சியில் சுற்றுகிற வேலை. நம் தெருவில் உன்னைப்போல் இறுக்கமாகத் தார் சுற்ற ஆள் இல்லை.

அதற்குள் இரண்டு இடத்திலிருந்து உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு தடவையும் உன்னைப் பாயில் உட்காரவைத்தே காட்டினோம். இரண்டு தடவையும் சரி என்று எழுந்து போனவர்கள், தெருமுனையில் யாரோ சொல்லக் கேட்டு, அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள். மூன்றாவது களம்பூர் ஏழுமலை. ரைஸ் மில்லில் மூட்டை எடை போடுகிற வேலை. அவருக்கும் அப்பா கிடையாது, அம்மா மட்டும்தான். அவர்களிடம் நம் பக்கத்தில் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று: “பொண்ணு நடை கொஞ்சம் மெதுவா இருக்கும்.”

இந்தத் தடவை தெருவே வேண்டாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். அமாவாசை அன்று நம் ஊரில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு சின்ன மலைக்குப் போய் அம்மன் கல்லுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வருவார்கள். சனம் வருவது வெயில் தாழ்ந்துதான், அதற்கு முன் காலையிலேயே அங்கே வைத்துப் பெண்ணைக் காட்டிவிடலாம். நீ முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிடுவாய். களம்பூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு நமக்கு முன்னால் இறங்கிவிடுவார்கள். நீ நடப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை.

அம்மா என்னைப் பெரிய மூளைக்காரன் என்றாள். நீ ராட்டையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாய்.

சின்ன மலை பெயருக்குத்தான் மலை. நாலு வயதுப் பிள்ளை அழாமல் ஏறிவிடும். புளியமரத்தில் புறப்பட்டால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் பிளந்த பாறை வரும். அங்கே வழி இரண்டாகப் பிரியும். இடது கைப் பக்கம் போனால் அம்மன் கல். வலது கைப் பக்கம் ஆடு போகிற தடம். அது ஏரிக்கு நேர் மேலே ஒரு மொட்டைப் பாறையில் போய் நின்றுவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வலது பக்கம்தான் போவார்கள், தண்ணீர் தெரிகிறதே.

அதற்காக நான் விடியும்போதே போய் வழிக்கு நூல் கட்டினேன். அரக்குச் சிவப்புச் சேலை நெய்த பட்டில் விழுந்த கழிவு நூல். ஒரு சாண் ஒரு சாணாக இருபத்தைந்து துண்டு வெட்டி எடுத்துப்போனேன். புளியமரத்திலிருந்து அம்மன் கல் வரைக்கும் செடிக்குச் செடி கட்டினதில் இருபத்து மூன்று செலவு. மீதி இரண்டை இடுப்பில் சொருகிக்கொண்டு கீழே வந்தேன். சிவப்பு நூலைப் பார்த்து வாருங்கள் என்று முதல் நாளே களம்பூருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

பிறகு உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். புளியமரத்தைத் தாண்டினதும் நீ நின்றுவிட்டாய்.

“நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்கண்ணா. நான் மெதுவா வரேன்.”

“கூடவே வரேன். கைய புடிச்சிக்கோ.”

“பின்னாடி நின்னு யாராச்சும் பாத்துகினு இருந்தா எனக்குக் கால் வராது. போண்ணா.”

போனோம். நீ மேலே வந்து சேர ரொம்ப நேரம் ஆயிற்று. முகமெல்லாம் வேர்வை. புடவை மடியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாய். முந்தானையால் துடைத்துவிட்டு அம்மன் கல்லுக்குப் பக்கத்தில் நாங்கள் காட்டின இடத்தில் உட்கார்ந்தாய். கால் இரண்டையும் புடவைக்குள் மடக்கி அம்மா மடிப்புச் சரி பண்ணினாள். எதிரே ஏரி. கரைமேல் பனைமரம் வரிசையாக நின்றது, தலைகீழாகத் தண்ணீருக்குள்ளும் நின்றது. அந்தப் பக்கம் ஊர், சாயப்பட்டறை வாசலில் காய்கிற நூல், மஞ்சளும் பச்சையுமாக. நீ அதற்கு முன்னால் அந்த மலையில் ஏறினதே இல்லை. ஏரி இவ்வளவு பெரிசா என்று மட்டும் கேட்டாய்.

வெயில் ஏறியது. களம்பூர்க்காரர்களைக் காணோம். நான் எழுந்து பார்த்தால், வலது கைப் பக்கம் மொட்டைப் பாறையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். அந்த அம்மா குடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். மகன் நாலு பக்கமும் பார்க்கிறார்.

“வழி தப்பிட்டாங்க. நான் போய் இட்டுகினு வரேன்” என்றேன்.

நீ கல்லைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாய்.

“உக்காருடி” என்றாள் அம்மா.

“என்னைத்தானேம்மா பாக்க வந்துகிறாங்க. நான் போறேன்.”

“சரசு, இந்த இடமும் போயிடும்டி.”

“போனா மேலேயே போகட்டும். தெருமுனைக்குப் போய்த் தெரிஞ்சிகினு போக வேணாம்.”

உன்னை இழுத்து உட்காரவைக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஏன் செய்யவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. முட்டியில் கை கொடுத்து, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நீ இறங்கிப் போனதை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்க்காதே என்று காலையில்தான் சொல்லியிருந்தாய்.

மொட்டைப் பாறைக்குப் போய் நீ அவர்களிடம் ஏதோ சொன்னாய். அவர்கள் உன் காலைப் பார்த்தார்கள். அது அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது. பிறகு நீ திரும்பி நடந்தாய். கொஞ்ச நேரம் அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் மகன் கிளம்பினார், அந்த அம்மாவும் கிளம்பினாள். பிளந்த பாறைக்கு மேலே மூச்சு வாங்கி அவள் உட்கார்ந்துவிட, நீ இரண்டடி திரும்பி இறங்கிக் கையைக் கொடுத்தாய்.

மேலே வந்ததும் அந்த அம்மா சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“இன்னா தம்பி, பொண்ணு நடை மெதுன்னு சொல்லி அனுப்பினீங்க. எனக்கே இவ நடை ஜல்தியா இருக்குது.”

ஏழுமலைதான் பேச்சை மாற்றினார்.

“வழிக்கு நூல் கட்டியிருக்கும்னாங்க. ஒண்ணையும் காணமே?”

“ஆடு மேஞ்சிருக்குங்க” என்றேன்.

“பட்டு நூலையா?”

“எங்க ஊரு ஆடு பட்டுதாங்க திங்கும்” என்றாய் நீ. அவர் சிரித்தார். நீ ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், இந்தத் தடவை காலை நீட்டி.

மூன்றாம் நாள் களம்பூரிலிருந்து சரி என்று ஆள் வந்தது.

அதற்கப்புறம் எண்பதுகளில் எத்தனை அமாவாசைக்கு வந்தீர்கள். மாப்பிள்ளை தோளில் மலர், கையில் புளிச்சோற்றுத் தூக்கு. ஏரி ஒரு வருஷம் நிறைந்திருக்கும், ஒரு வருஷம் கிரிக்கெட் ஆடுவார்கள். எப்போது வந்தாலும் பிளந்த பாறையில் நீ கொஞ்சம் நிற்பாய். கால் வலிக்கு நிற்கிறாய் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு ஆடு கதையை நான் சொல்லும்போதெல்லாம் நீ வாயைத் திறக்கவில்லை.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். கல்யாணப் புடவைக்கு அடியில் ஒரு தார் இருந்தது. அரக்கு நூல், நிறம் மங்கியிருந்தது. மலர் அதைக் குப்பை என்று ஒதுக்கினாள். நான் வாங்கிப் பிரித்தேன். சாணுக்குச் சாண் முடிச்சு, உன் முடிச்சு. துண்டுகளை எண்ணினேன். இருபத்து மூன்று.

கோபமில்லை. எங்களை முன்னால் அனுப்பிவிட்டு, அந்தக் காலோடு செடிக்குச் செடி நின்று, குனிந்து, ஒவ்வொன்றாக அவிழ்த்து மடியில் போட்டிருக்கிறாய். அவர்களுக்கு வழி தப்ப வேண்டும், கூட்டிவர நீ நடந்து போக வேண்டும். எறிய மனம் வராமல் சுற்றியும் வைத்திருக்கிறாய்.

கேட்க வேண்டும் என்றது இதைத்தான். மொட்டைப் பாறையிலிருந்து அவர்கள் அப்படியே இறங்கிப் போயிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? உன் காலை மறைத்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நாற்பது வருஷத்துக்கு மேல் எப்படி இருந்தாய்?

முதல் கேள்வியை எழுதும்போது மலர் சொன்னாள், “மறுநாள் அம்மா தார் சுத்த உக்காந்திருப்பாங்க மாமா.” இருக்கும். இரண்டாவதை எழுதிவிட்டு அவள், நான் பிரித்துப்போட்ட நூலை எடுத்து மறுபடி குச்சியில் சுற்றினாள்.

மாப்பிள்ளைக்கு இன்னும் இது தெரியாது. வருகிற அமாவாசைக்கு அவரையும் மலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சின்ன மலைக்குப் போகிறேன். எனக்குத் தடி வேண்டும், அவருக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். பரவாயில்லை, நாலு வயதுப் பிள்ளை ஏறுகிற மலைதானே. எல்லோரும் முன்னால் போங்கள், பின்னால் நின்று என்னைப் பார்க்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

நீ உட்கார்ந்த இடத்தில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, அந்தத் தாரை அவர் கையில் கொடுப்பேன். யாரை மறைத்தேன், ஏன் மறைத்தேன் என்பதை என் வாயால் சொல்வேன். ஆட்டின் மேல் நான் போட்ட பழியையும் அன்றைக்கு எடுத்துவிடுகிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வார்த்தை.

பெயரை மலர் எழுத, பக்கத்தில் இடது கைப் பெருவிரலை வைக்கிறேன்,

உன் அண்ணன்
மாணிக்கம்