ஐந்துக்கு ஐந்து

மார்ச் 4, புதன்

இளையோர் மையத்துக்கு இன்று ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். மெலிந்த மனிதர். என் செய்யுள் வகுப்பில் கடைசி நாற்காலியில் அமர்ந்து ஒரு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருந்தார். எதை எழுதினார்? நான் பொருள் விரித்தபோதும் எழுதினார்; பிள்ளைகள் கொட்டாவி விட்டபோதும் எழுதினார்.

மையத்தை நடத்துகிறவன் என் அண்ணன் மகன். அவனைக் கேட்டேன்.

"பயப்படாதீங்க அத்தை. எது பிள்ளைங்களுக்கு உதவுது, எது உதவலன்னு ஆதாரத்தோட பாக்கச் சொல்லியிருக்காங்க. உதவாதத நிறுத்திடுவாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! பதினோரு ஆண்டுகளாக நடத்தும் வகுப்பு. நெஞ்சே, இவனும் உடந்தையோ?

மார்ச் 11, புதன்

இன்று வினாத்தாள். "இந்த வகுப்புக்கும் இதை நடத்துபவருக்கும் ஐந்தில் எத்தனை மதிப்பு அளிக்கிறீர்கள்?" அந்த மனிதரை நம்பாமல் தாள்களை நானே கொடுத்தேன். எழுதி முடிக்கும்வரை வரிசைகளுக்கிடையே நடந்தேன். நானே வாங்கி, எண்ணி, உறையிலிட்டு ஒட்டினேன். இருபத்து மூன்று.

மார்ச் 12, வியாழன்

வழிபாட்டில் மனம் நிலைக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

முடிவு வந்தது. இருபத்து மூன்று பேரும் ஐந்து.

"டேபிள் டென்னிஸுக்கே மூணுதான் அத்தை! நீங்கதான் முதல் இடம்!" என்று அண்ணன் மகன் துள்ளினான்.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. முதல் செய்யுளிலேயே உறங்கிவிடும் பிள்ளையும் ஐந்தா? உறக்கத்தில் எதை மதித்தான்? யாரோ திருத்தியிருக்கிறார்கள்.

"நீ கைய வெச்சியாடா?"

"நீங்கதானே உறைய ஒட்டினீங்க! ஒட்டினதுக்கு மேல கையெழுத்து வேற போட்டீங்களே!"

உண்மைதான். பிறகு யார்?

மார்ச் 20, வெள்ளி

வகுப்பில் ஒளிவுமறைவின்றிப் பேசும் பெண் ஒருத்தி. எல்லாரும் 'பட்டாசு' என்பார்கள். அவளைத் தனியே அழைத்தேன்.

"அஞ்சு நீயாத்தான் போட்டியா?"

"ஆமாம்மா. எத்தன மதிப்புன்னுதானே கேட்டிருந்துச்சு? பெரியவங்களுக்குப் போயி மூணு மதிப்புன்னு போடுவாங்களா? அதுவும் நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்க!"

"சரி, வகுப்பு எப்படி இருக்குன்னு கேட்டிருந்தா?"

தரையைப் பார்த்தாள். பட்டாசு நமுத்துப்போய் நான் இன்றுதான் கண்டேன்.

அவர்கள் தந்தது மரியாதை. நான் கேட்டதோ வேறு. எல்லாரையும் ஐயுற்றேன், வரிசைகளுக்கிடையே நடந்தவளை மட்டும் விட்டுவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

அந்த ஐந்தெல்லாம் என் முகத்துக்காகப் போட்டவை என்று மதிப்பீட்டாளரிடம் சொல்லிவிட்டேன்.

"அறிக்கை நாளைக்குப் போகுதும்மா. இப்படியே விட்டா உங்க வகுப்புக்கு ஒரு குறையும் வராது."

என்னைச் சோதிக்கிறாரோ? பொய்ச்சான்று பாவம் என்று நாள்தோறும் ஓதும் வாய் இது.

"மறுபடி கேளுங்க. பேர் வேண்டாம். நானும் உள்ள இருக்கமாட்டேன்" என்றேன்.

வினாத்தாளை எடுத்து மறுபடி படித்தார். "கேள்வியிலேயே தப்பும்மா. எழுதினது நான்தான்."

மார்ச் 25, புதன்

வாசலுக்கு வெளியே நின்றேன். கதவில் காது வைக்கவில்லை.

வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

புதிய கேள்வி இரண்டே: எது உதவியது? எது உதவவில்லை?

பதினாறு பேருக்கு என் விளக்கம் உதவவில்லை. "பாட்டு நல்லாருக்கு. அதுக்கப்புறம் அம்மா பேசுறதுதான் முடியவே மாட்டேங்குது" என்று ஒரு தாள்.

சே! யாருக்காக இத்தன வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன்?

நீர் அருந்திவிட்டு மறுபடி படித்தேன். ஒன்பது தாள்களில் ஒரே செய்தி: எழுந்து நின்று உரக்கப் படித்தது உதவியது. "வேலைக்கு நேர்காணல் போனப்ப குரல் நடுங்கல." அது, நான் மூச்சு வாங்குவதற்காக அவர்களுக்கு விட்ட ஐந்து நிமிடம்.

வகுப்பை நிறுத்தவில்லை. மூன்று மாதம், வாசிப்பே முதன்மையாக. பிறகு மீண்டும் கேட்பார்கள்.

ஜூலை 1, புதன்

நான் பத்து நிமிடம் பேசினேன். மீதி நேரமெல்லாம் அவர்கள் குரல். நான் வெளியேறிய பின் தாள்கள் எழுதப்பட்டன. மொத்தம் இருபத்தேழு.

ஒன்றில், "பத்து நிமிஷமும் அதிகம்."

எழுத்து இடப்புறம் சாய்ந்திருந்தது. யாருடைய கை? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்க்கப் போனேன். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த புதன், எட்டு நிமிடம்.