கையால் பிய்க்கச் சொன்ன பாண்

அக்கா,

இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் என் கையில் வெங்காயமும் அவித்த ஆட்டிறைச்சியும் மணக்கின்றன. இன்டர்லாக்கன் ஹோட்டலில் வேலை முடிந்து ரயில் ஏறியவன், வீடு இருக்கும் துன் வந்து இறங்கும்வரை கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்றைக்கு டோக்ராமா செய்தேன். துர்க்மெனியரான உங்கள் பெருநாள் சாப்பாட்டை, நீங்கள் செத்து எட்டு மாதம் கழித்து, நம் செஃப்பின் பிரியாவிடைக்காகச் செய்தேன். கேட்டால் காறித் துப்புவீர்கள். துப்புங்கள், நியாயம்தான்.

பல வருஷத்துக்கு முந்திய அந்தப் 'பட்டுப்பாதை வாரம்' உங்களுக்கு நினைவிருக்கும். ஹோட்டலில் ஆட்கள் குறைந்த மாதம். மெனு அட்டையில் ஒட்டகப் படம் போட்டுவிட்டால் உங்கள் நாடே மேசைக்கு வந்துவிடும் என்று செஃப் நம்பினார். ஒட்டகப் பாலைப் புளிக்கவைத்து நீங்கள் குடிக்கும் 'சால்' பானத்துக்குப் பதிலாகத் தயிரில் சோடாத் தண்ணீரை ஊற்றி, புதினா இலை குத்தி, ஷாம்பெயின் கிளாஸில் வைத்தார். "ஒட்டகம் கண்டால் அழும்" என்று நீங்கள் என் காதுக்குள் சொன்னீர்கள். அதைக் குடித்த விருந்தாளிகளோ கண்ணை மூடிப் பாலைவனத்தை உணர்ந்தார்களாம். நாக்கு இருக்கிறதே தவிர அதற்கு வேலை கொடுத்துப் பழகாத கூட்டம்.

அவர்களைச் சொல்வானேன், எனக்கும் அன்று உங்கள் சாப்பாடு இளக்காரம்தான். டோக்ராமா என்று ரொட்டிப் பாணைப் பிய்த்துப் போட்டு இறைச்சி அவித்த ஆணம் ஊற்றினால் அது ஒரு சமையலா என்று கேட்டவன் நான். நீங்கள் கோப்பை கழுவுகிறவர். நான் சலாதுக்கு மரக்கறி வெட்டுகிறவன். குசினியில் உங்களை விட ஒரே ஒரு படி மேலே. அந்த ஒரு படியில் நின்றுகொண்டு நான் காட்டிய கெப்பர் இருக்கிறதே, மலை ஏறினவன்கூட அப்படிக் காட்டமாட்டான்.

அப்படியிருந்தும் இடைவேளையில் எனக்குத் தேநீர் தந்தீர்கள். பழைய சாமான் கடையில் மூக்கு வைத்த இரண்டு சின்னத் தேநீர்ப் போச்சிகள் வாங்கி வைத்திருந்தீர்கள். உங்கள் ஊரில் ஆளுக்கொரு போச்சியாம். முதல் கிண்ணத்தை ஊற்றி, திரும்பப் போச்சிக்குள்ளேயே விட்டு, பிறகுதான் குடிப்பீர்கள். வேலை மெனக்கெட்ட வேலை என்று பகிடி பண்ணிக்கொண்டே நான் குடித்தேன். உங்களுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன்தான். ஆனாலும் குசினியில் வேலை செய்த எங்கள் தமிழ்ப் பொடியன்களிடம் பொறுக்கிய 'தம்பி'யும் 'ஓம்' என்பதும் உங்கள் வாயில் எப்போதும் இருந்தன. இதை எழுதும்போது நீங்கள் சொன்னதும் செஃப் சொன்னதும் எனக்குத் தமிழிலேயே கேட்கின்றன.

அந்த வாரத்து டோக்ராமா சரிவந்தால் அடுத்த சீசனில் உங்களைக் குசினியில் சமைக்க எடுப்பதாகச் செஃப் சொல்லியிருந்தார். நீங்கள் விடியவே வந்து பாண் சுட்டீர்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, என்னையும் இருக்கச் சொன்னீர்கள்.

"தம்பி, இது தனிய இருந்து பிய்க்கிற சாப்பாடு இல்லை. ஊரில எல்லாரும் சுத்தி இருந்துதான் பிய்ப்பம்."

கோப்பை கழுவுகிறவரோடு சமமாக இருந்து பாண் பிய்ப்பதை மற்றவர்கள் காணக்கூடாது என்று நான் இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஆட்கள் சாப்பிட்டு எழும்ப, கோப்பைகள் குவிந்தன. உங்களைக் கூப்பிட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "கையால மட்டும், தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் மறைந்ததும் பாண் முழுவதையும் வெட்டுகிற மெஷினுக்குள் போட்டேன். இரண்டு நிமிஷம். பிறகு ஆற்றங்கரையில் நின்று சிகரெட் பிடித்தேன்.

பாண் தூளாகிவிட்டது. சூடான ஆணம் விட்டதும் சுவருக்குக் கடதாசி ஒட்டுகிற பசையாகிவிட்டது. செஃப் அகப்பையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். யார் செய்தது என்று கேட்டார். சுவிஸில் தங்குவதற்கான என் பி பெர்மிட் முடிவு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வேலை போனால் அதுவும் போகும். நான் தக்காளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ர கைதான் பிழைச்சது" என்றீர்கள். "பாணைச் சரியாச் சுடேல்லை."

அவர் உங்களைத் திரும்பவும் கோப்பைகளிடம் அனுப்பினார். நீங்கள் அங்கேயே முழங்கை வலிக்க வலிக்கக் கழுவி, அங்கேயே நோயாளியானீர்கள். மறுநாள் இடைவேளையில் என் போச்சியும் வழமைபோல மேசையில் இருந்தது. பாவம், மனிசிக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்தேன். அத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்தேன். பெர்மிட்டும் வந்தது, குசினியில் உங்களுக்கு வரவேண்டிய இடமும் எனக்கே வந்தது. ஒவ்வொரு விருந்திலும் செஃப் 'அவளின் பசை'க் கதையைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், அக்கா.

இன்றைக்கு அந்தப் பசையைச் செய்துவை, கடைசியாக ஒரு தரம் சிரிப்போம் என்றார். நான் கையால் பிய்த்தேன். தனியே இருந்து இரண்டு மணி நேரம் பிய்த்தேன். மனிதர் இரண்டு கிண்ணம் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பழைய கதையைத் தொடங்கினார். அது அக்காவின் பிழையில்லை, பாணை மெஷினில் போட்டது நான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பெரிய வீரன், ஆள் செத்தபிறகு உண்மை சொல்கிறான்.

அவர் திடுக்கிடவேயில்லை.

"தெரியும். அண்டைக்கே அவள் மெஷினைக் கழுவக் கொண்டு போகேக்க பிளேடு முழுக்கப் பாண் ஒட்டியிருந்தது. நான் கண்டனான்."

பிறகேன் உங்களைச் சமைக்க எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நல்லாக் கோப்பை கழுவுற ஆள் கிடைக்கிறது கஷ்டம்" என்றார்.

அவர் மூஞ்சியில் கிண்ணத்தை எறிந்திருக்கலாம். எறியவில்லை. அதற்கு முன் வேறொன்று உறைத்துவிட்டது. மெஷினைக் கழுவியது நீங்கள். பிளேடில் ஒட்டியிருந்த பாணை நகத்தால் சுரண்டி எடுத்துக் கழுவி முடித்துவிட்டு வந்துதான் உங்கள் கை பிழைத்ததென்று சொல்லியிருக்கிறீர்கள். மறுநாள் எனக்குத் தேநீரும் ஊற்றியிருக்கிறீர்கள்.

செஃப்பை நான் வெறுக்கிறேன், அது சுலபம். நாளையோடு அவர் போய்விடுவார். இந்தக் கைகள் என்னோடுதான் இருக்கும். டோக்ராமா இன்று சரியாக வந்தது, அக்கா. அதற்கு இரண்டு கைகள் போதுமாக இருந்தன. அவை அன்றைக்கும் என்னிடம் இருந்தன.