மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன சத்தம்

ஆகாயத்தையே ஐந்து சென்ட் மனைபோல் வளைத்துப்போட்ட என் ஆருயிர் மாப்பிள்ளை பழனிக்கு,

சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. பெட்ரோல் இல்லாமல் பறக்கும் இடத்தில் இருப்பவனுக்கு என்ன குறை? இங்கே நாங்கள் நலம். உன் மனைவி, என் தங்கை சுமதி, நலம். அடி அண்ணாமலையில் உன் வீட்டுக் கொய்யா இந்த வருடம் காய்த்துத் தள்ளுகிறது. ஒவ்வொரு காயும் என் தலை அளவு. சரி, என் கை அளவு.

மாப்பிள்ளை, ஒரு மகா பாதகத்தைச் செய்துவிட்டேன். உன் கம்ப்யூட்டரில் கை வைத்துவிட்டேன். பாதி எழுதும்போதே நீ எழுந்து வந்து என் கையைத் தட்டிவிடுவாயோ என்று இருக்கிறது. வந்தால் வா. டீ போடச் சொல்கிறேன்.

நம் வீர வரலாறு தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம், சாயங்காலம் ஐந்து மணி ஆனால், நீ உன் வீட்டிலும் நான் செங்கம் ரோட்டில் என் வீட்டிலும் உட்கார்ந்து, ஒரே விமானச் சண்டை விளையாட்டில் ஏறிவிடுவோம். நம் படையில் இரண்டே பேர். நான் தலைமைத் தளபதி. மிச்சமுள்ள ராணுவம் முழுவதும் நீ. மூன்று கண்டங்களின் வானத்தை நாம் கிழித்த கிழிப்பில், இன்றும் அங்கே மேகங்கள் தையல் போட்டுக்கொண்டுதான் மிதக்கின்றன. நான் மைக்கில் கத்தும் கட்டளைகளைக் கேட்டு, பக்கத்து விடுதியின் வெள்ளைக்காரர் ஒருவர் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஹெட்போன். உனக்கு அது காதை வேர்க்க வைக்கும். இரண்டு பெரிய ஸ்பீக்கரை மேசைமேல் வைத்துக்கொண்டாய். மூக்கில் விசிறி வைத்த அந்தப் பழைய விமானத்தை ஏற்றி வைத்து உறுமவிட்டால் உன் வீட்டு டம்ளர்கள் நகரும்.

நீ போன பதினாறாம் நாள் முடிந்ததும் சுமதி ஒரு வேலை செய்தாள். அது உனக்குத் தெரியுமா? கம்ப்யூட்டரைப் போட்டு, எங்கே எங்கேயோ அழுத்தி, உன் விமானத்தை ஓடுதளத்தில் நிறுத்தி, இன்ஜினை முடுக்கிவிட்டாள். அவ்வளவுதான். பறக்கவிடவில்லை. அது பாட்டுக்கு நின்று உறுமியது, அவள் பாட்டுக்குச் சமையலறையில் அவரைக்காய் உரித்தாள். அன்றிலிருந்து ஒரு வருடம், தினமும் ஐந்து மணிக்கு அப்படித்தான். விளையாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சத்தம் மட்டும் வேண்டும்.

ஆனால் என்ன சத்தம்! போனில் அவளோடு பேசினால் நானும் கத்த வேண்டும், அவளும் கத்த வேண்டும். காது போய்விடுமே என்று பயந்தேன். ஒருநாள் அவள் மாவு மில்லுக்குப் போயிருந்த நேரம் பார்த்து உன் வீட்டுக்குள் நுழைந்து, ஒரு நூலளவு குறைத்துவிடலாம் என்று ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வரிசையாகக் கோடுகள். இன்ஜின், காற்று, துப்பாக்கி, எச்சரிக்கை, பாட்டு. கடைசியில் கூட்டாளியின் குரல். அதாவது நான். நூறில் எவ்வளவு வைத்திருந்தாய் மாப்பிள்ளை? ஐந்து!

பத்து வருடம் தொண்டை கிழிய நான் போட்ட போர் வியூகங்கள் உன் வீட்டில் கொசு சத்தமாகத்தான் கேட்டனவா? அதனால்தான் “இடது பக்கம் வாடா” என்றால் வலது பக்கம் போய் மலையில் மோதினாயா? எதைச் சொன்னாலும் “சரி மச்சான், சரி மச்சான்” என்றாயே, பாவி!

ஆத்திரத்தில் என் குரலை நூறுக்கு இழுத்தேன். கண்ணாடி போடாமலே கீழே இருந்த பொத்தானை அமுக்கினேன். உறுதியா என்று கேட்டது. தளபதி எதற்குத் தயங்குவான்? உறுதி என்றேன். நான் அமுக்கியது சேமிப்பதற்கான பொத்தான் இல்லை. எல்லாக் கோடும் ஒரே நொடியில் கம்பெனி வைத்த அளவுக்கே போய்விட்டது. நீ எதை எவ்வளவு வைத்திருந்தாய் என்பது எங்கேயும் இல்லை. எழுதி வைத்தாயா? இல்லை. நானாவது பார்த்து வைத்தேனா? என் ஐந்தைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை.

மாவு டப்பாவோடு சுமதி உள்ளே வந்தாள். அப்போது உன் விமானத்தில் கல்யாண பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பெண் இங்கிலீஷில் அதட்டிக்கொண்டிருந்தாள்.

“யாருண்ணா இவ? அவரு இருந்தப்ப இவ இல்லியே?”

“எச்சரிக்கை பண்றவம்மா. நான் வந்து... கொஞ்சூண்டு சரி பண்ணலாம்னு...”

“நீ தொட்டியா?”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அது ஒண்ணுதான்ணா அவரு கை வெச்ச மாதிரியே இருந்துச்சு” என்றாள். மாப்பிள்ளை, ஆயிரம் எதிரி விமானங்களைச் சமாளித்தவன், அந்த ஒரு வார்த்தையில் சுட்டு வீழ்த்தப்பட்டேன்.

அப்புறம் இரண்டு பேரும் வேலையில் இறங்கினோம். அவள் சமையலறையில் தன் இடத்தில் அவரைக்காயோடு உட்கார்ந்துகொண்டாள். நான் உன் நாற்காலியில். பேண்டுக்காரர்களை அனுப்பினோம். இங்கிலீஷ்காரியின் வாயை மூடினோம். காற்று சரிப்பட்டது. இன்ஜினில்தான் சண்டை.

“இதான் சுமதி! இதேதான்!”

“இல்லண்ணா, கம்மி. இன்னும் ஏத்து.”

“பத்து வருஷம் ஹெட்போன்ல கேட்டவன் சொல்றேன். அவன் மைக் வழியா பின்னாடி இப்படித்தான் கேக்கும்.”

“ஒரு வருஷமா தினம் கேக்கறவ நான் சொல்றேன். இது அவரு வெச்சது இல்ல. ஏத்துன்னா ஏத்து!”

ஏற்றினேன். டம்ளர்கள் நகர ஆரம்பித்தன. “ஆங், இதான்” என்றாள், முகமெல்லாம் மலர்ந்து.

அந்த உறுமலைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. இதை நானும் கேட்டிருக்கிறேன், மாதத்தில் ஒருநாள். பௌர்ணமி அன்று. உன் வாசலிலேயே கிரிவலக் கூட்டம் போகும். ஸ்பீக்கர் கட்டி அன்னதானத்துக்கு அழைப்பார்கள், சுண்டல்காரர் கூவுவார், தொலைந்த குழந்தையின் பெயரை மைக்கில் சொல்வார்கள். அதற்கு ஈடுகொடுக்க நீ இன்ஜினை ஏற்றுவாய். மறுநாள் காலை மேசை துடைக்கும்போது இறக்கிவிடுவேன் என்பாய். கடைசியாக நாம் பறந்தது ஒரு பௌர்ணமி சாயங்காலம். மறுநாள் விடிந்தபோது நீ எழுந்திருக்கவில்லை.

சுமதியிடம் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது.

அவள் கையிலிருந்த அவரைக்காயைக் கீழே வைத்தாள்.

“அப்ப ஒரு வருஷமா நம்ம வீட்ல பௌர்ணமியே முடியலியா?” என்றாள். பிறகு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “எறக்குண்ணா. சாதா நாளுக்கு அவரு எவ்ளோ வெப்பாரோ, அவ்ளோ வெய்யி.”

இறக்கினேன். எங்கே நிறுத்தினேன் தெரியுமா? குழாயில் தண்ணீர் விழுவதும் கேட்க வேண்டும், உன் விமானமும் கேட்க வேண்டும், அந்த அளவில். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவரைக்காய் உரித்தாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசியது எதையும் கத்திப் பேசவில்லை.

மாப்பிள்ளை, ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வந்து உன் இன்ஜினை ஏற்றி வைப்பேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாவது வந்து, மேசையைத் துடைத்து, இறக்கி வைப்பேன். நீ நிம்மதியாக இரு.

உன் வீட்டுக்காரியின் அண்ணன்,
உனக்கு இருக்கும் ஒரே மச்சான்,
தயாளன்