உள்ளே ஒருவருக்குத்தான் இடம்

பெங்களூரில் தங்கள் மகன் ராம்கி வீட்டில் இருக்கும் மைத்துனர் பஞ்சநதம் அவர்களுக்கு, கீழ்வேளூரிலிருந்து உங்கள் அக்காள் புருஷன் காயாரோகணம் சொல்லச் சொல்ல எழுதியது. இங்கே நான் சுகம். உங்கள் அக்காள் அமிர்தமும் சுகம் என்று எழுதக் கொடுத்து வைக்கவில்லை. போனில் பேசினால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஜெராக்ஸ் கடை மீரா உசேன் மகள் தஹ்மீனாவை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை சென்னையில் வைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். இடது காதுக்குப் பின்னால், மூளையை ஒட்டி, இலந்தைப் பழம் அளவு கட்டி. கத்தி கிடையாது, தையல் கிடையாது. கதிரைப் பாய்ச்சி, மேலே வளராமல் நிறுத்துவார்களாம். போன செவி திரும்பாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதல் நாள் தலைக்குக் குளிக்க வேண்டும், எண்ணெய் கூடாது. உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. மெட்டியை நேற்றே சோப்புப் போட்டு நானே கழற்றினேன். விரலில் வெள்ளைத் தடம் விழுந்திருக்கிறது. தோட்டையும் மூக்குத்தியையும் கேட்டால், “தம்பி வந்ததும் அவன்கிட்ட குடுக்கறேன். நீங்க எங்கயாவது வச்சிட்டுத் தேடுவீங்க” என்கிறாள். நானா தேடுவேன்? எந்த வருஷம் எந்த மடையை எந்தக் கிழமை திறந்தேன் என்று கேட்டால் சொல்வேன்.

அன்று காலை ஏழு மணிக்குத் தலையில் ஒரு வளையம் மாட்டுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு திருகு. தலை இம்மியும் அசையக் கூடாதாம். அந்த நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஒருவர்தான். “யாரும்மா நிப்பாங்க?” என்று போன தடவை அங்கே நர்சம்மா கேட்டதும், நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டேன். உங்கள் அக்காள், “என் தம்பி வருவான்” என்றாள். எழுந்தவன் என்ன செய்வது? தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போனேன்.

எனக்கு வயிறு எரிகிறது மச்சான், மறைப்பானேன். “இதையும் எழுதணுமா தாத்தா?” என்கிறாள் தஹ்மீனா. எழுதத்தான் சொன்னேன். நான் எடுத்துக் கொடுத்த புடவை பீரோவில் இருக்கிறது. நீங்கள் எடுத்தது உடம்பில் இருக்கிறது. இரண்டு வருஷமாக நான் பேசினால் பதில் வராது. வேண்டுமென்றே வாய் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். நான் உட்கார்வது எப்போதும் அவளுக்கு இடப் பக்கம். உங்கள் போனை வைப்பது வலது காதில். நீங்கள் அங்கே தும்மினால்கூட இங்கே சிரிப்பாள். இப்போது நானும் வலப் பக்கம் மாறிவிட்டேன். பழக்கமில்லாததால் இருவருக்கும் கூச்சமாக இருக்கிறது.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அதுவும்தான். மேட்டூர் பிந்தித் திறந்த வருஷம், வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஆவணி பதினொன்று, பிற்பகல் நம் முறை. காலையிலிருந்தே அவளுக்குப் பிரசவ வலி. விட்டால் அடுத்த முறை ஆறு நாள் கழித்துத்தான், நாற்று கருகிவிடும் என்று நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மீசை அரும்பாத நீங்கள்தான் வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். அவள் பிடித்த பிடியில் உங்கள் மணிக்கட்டில் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. நான் காலில் சேற்றோடு வந்து நின்றபோது பிள்ளையைத் துணியில் மூடிவிட்டார்கள்.

அந்த வருஷம் நெல் நன்றாக விளைந்தது. ஒரு சொல் சொல்லாமல் அதைப் பொங்கிப் போட்டாள். இத்தனை வருஷம் சொல்லவே இல்லை. நர்சம்மா கேட்டபோதுதான் சொன்னாள்.

உங்கள் ரயில் அன்று காலை ஆறு மணிக்கு வருகிறது என்று ராம்கி சொன்னான். வராமல் இருந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே டீக்கடை இருக்கிறது. உடனே உள்ளே வராமல் அங்கேயே உட்கார்ந்து ஒரு காபி சொல்லுங்கள். திருகு மாட்டக் கூப்பிடும்போது அவள் வாசலைப் பார்ப்பாள். தம்பி வந்துவிட்டான், வெளியே இருக்கிறான் என்று வலது காதில் சொல்லிவிட்டு, என் கையை நீட்டுவேன். பொய் சொல்ல மாட்டேன். பிடித்தால் பிடிக்கட்டும். பிடிக்காவிட்டால் நானே வெளியே வந்து உங்களை உள்ளே அனுப்பிவிடுகிறேன்.

நீங்களும் பிள்ளைகுட்டிகளும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும். காபியை ஆற்றி, மெதுவாகக் குடியுங்கள் மச்சான். ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருங்கள்.

இப்படிக்கு,
காயாரோகணம்
(இடது பெருவிரல் ரேகை)