பிந்தி ஒலித்த சைரன்

என் அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், இப்போதைக்கு இங்கே நலம் என்றால் அவ்வளவுதான் அர்த்தம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, அந்தச் சளித் தொல்லை இல்லாமல் இருக்கிறாய் என்று பதில் வந்தால் அதுவே எனக்குப் போதும். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அன்றைக்கு நீ போனில், "உங்க ஆபீஸ்ல இத்தனை மெஷின் வெச்சிருக்கீங்களே, சித்தப்பாவுக்கு மட்டும் ஏம்மா தெரியாம போச்சு?" என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் பூகம்பத்துக்குப் பிறகு வீட்டு நிலவரம். சமையலறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை விரிசல் ஓடியிருக்கிறது, என்ஜினியர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, பூச்சுதான் வெடித்திருக்கிறது, செங்கலுக்கு ஒன்றும் இல்லை என்றார். உன் அறையில் புத்தக அலமாரி குப்புறச் சாய்ந்து கட்டில் மேல் கிடந்தது, நீ தலை வைத்துப் படுக்கிற பக்கம். அதைப் பார்த்த பிறகு அன்று முழுக்க நான் அந்த அறைப்பக்கம் போகவில்லை. நீ இருக்கிற இடத்திலும் அலமாரியைச் சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டை போட்டு முடுக்கிவிடு, சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் முறைத்தால் போனை என்னிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். அப்பா தினமும் கடையைத் திறக்கிறார், ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜுகளில் பாதி நசுங்கிப் போய்விட்டதால் வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பதே வேலையாக இருக்கிறது. வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எங்கள் ஆய்வு மையத்தில் பெரிய திரையில் அதிர்வை அளக்கிற ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கும், சின்னவளாக இருந்தபோது எறும்பு வரிசை என்று சொல்வாயே, அதுதான். முதலில் துள்ளியது சித்தப்பா ஊர் நிலையம். அடுத்த மூச்சுக்குள் அதைச் சுற்றியிருந்த மற்ற நிலையங்களும் துள்ளின. கம்ப்யூட்டர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காது, நாலைந்து நிலையங்கள் ஒத்துச் சொன்னதுமே எங்கே, எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டு சைரன்களுக்கும் எல்லோருடைய போன்களுக்கும் எச்சரிக்கையைத் தானே அனுப்பிவிடும். எங்கள் கட்டடத்தில் சைரன் அலறியது, எல்லோரும் மேசைக்கு அடியில் புகுந்தோம், இயக்குநருடைய தொப்பைக்கு மட்டும் மேசை போதவில்லை, பாதி உள்ளே பாதி வெளியே என்று அவர் தவித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் சித்தப்பா உயிரோடு இல்லை.

அவர் ஒர்க்ஷாப்பில் ஒரு ஸ்கூட்டரின் அடியில் மல்லாந்து படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தாராம். மேலே கான்கிரீட் தளம். எதிர்க் கடைக்காரர் சொன்னதைத்தான் உனக்குச் சொல்கிறேன், முதலில் ஒரு உதறல், எல்லோரும் நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் தரை பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது, தளம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. புழுதி மேலே எழும்பிக்கொண்டிருந்தபோது தெருக்கோடிக் கம்பத்தில் எங்கள் சைரன் ஊதத் தொடங்கியது. "விழுந்து முடிஞ்சதுக்கப்புறம் வெளிய ஓடுங்கன்னு கத்துதுங்க உங்க மெஷினு" என்று அவர் என்னிடம் சொன்னபோது கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நம்ப முடியாதவர் மாதிரி சொன்னார். அடக்கம் முடிந்து திரும்பும்போது அப்பாவும் அதையே சொன்னார். "ஒன் சைரன் என் தம்பி செத்ததுக்கப்புறம்தான் அழுதுச்சு." அதற்குப் பிறகுதான் அந்த மௌனம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மழைக்காலத்தில் ஊதி இறுகிப்போன மரக்கதவைத் தோளால் தள்ளியிருக்கிறாய் அல்லவா. நாம் தள்ளத் தள்ள அது அசையாது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் படாரென்று விடும், நாமும் சேர்ந்து உள்ளே போய் விழுவோம். நமக்குக் கீழே இரண்டு நிலத்தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு தீப்பெட்டி அகலம் நகரப் பார்க்கின்றன. உரசுகிற விளிம்பு மட்டும் இறுகி நிற்கிறது. மலைமேல் நாங்கள் கட்டி வைத்திருக்கிற தூண்களைச் செயற்கைக்கோளை வைத்து அளந்து, எவ்வளவு தள்ளல் சேர்ந்திருக்கிறது என்று எங்களால் சொல்ல முடியும். கதவு என்றைக்கு விடும் என்று எங்களில் யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறேன் என்று எவனாவது வந்தால் நம்பாதே. அது விட்ட பிறகுதான் எங்கள் சைரனுக்கு வேலை. பாறை உடைந்ததும் இரண்டு அலைகள் சேர்ந்தே கிளம்பும், முன்னால் ஓடுகிற அலை கதவைத் தட்டிவிட்டுப் போகிற ஆள், பின்னால் மெதுவாக வருவதுதான் வீட்டை இடிக்கிற ஆள். தட்டிய சத்தத்தைக் கேட்டு, இடிக்கிறவன் வருவதற்குள் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். எவ்வளவு தூரமோ அவ்வளவு அவகாசம். உடைந்த இடத்துக்கு நேர் மேலே இருப்பவர்களுக்கு இரண்டு பேரும் ஒன்றாகவே வந்துவிடுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு எங்களிடம் கொடுக்க ஒன்றுமே இல்லை. சித்தப்பா அந்த வட்டத்தின் நடுவில் இருந்தார். இவ்வளவுதான் பதில். இதை அன்றைக்கு அப்பாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்.

அந்த ஊர்க்காரர்கள் சைரனை இறக்கிவிட்டார்கள். ஏறிக் கழற்றியவர் அங்கே எலக்ட்ரீஷியன், சித்தப்பாவோடு தினமும் டீ குடிக்கிற ஆள், நீயும் பார்த்திருக்கிறாய், காதில் பென்சில் செருகியிருப்பார். போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்று இயக்குநர் குதித்தார். செத்தவர்களை அடக்கம் செய்த கையோடு அவர்களை ஸ்டேஷனுக்கு அலைய விட வேண்டாம் என்று நான் கெஞ்சி நிறுத்தினேன். ஆனால் வேலை நிற்காதே. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற சின்ன அதிர்ச்சிகளைப் பக்கத்திலிருந்து பதிவு செய்தால்தான் பிளவு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, இனி எந்த முனையில் பாரம் ஏறியிருக்கிறது என்று தெரியும். எங்கள் ஆட்கள் வண்டியைக் கொண்டுபோனால் ஊருக்குள் விடவில்லை. அதனால் நானே போனேன், சித்தி வீட்டுக் கொல்லையில் கருவியை வைக்கிறேன் என்று.

சித்தி தடுக்கவில்லை. வாசலில் டென்ட் போட்டு, தையல் மெஷினையும் வெளியே தூக்கிப் போட்டு, யாருக்கோ பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதியதை எல்லாம் அவளுக்கும் சொன்னேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். கடைசியில், "அப்ப அவரு வேற ஊர்ல கட போட்டிருந்தா பொழச்சிருப்பாரு, அவ்ளோதானேக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். கொல்லையில் முழங்கால் ஆழம் குழி தோண்டி, அடியில் கல் பதித்து, ரசமட்டம் வைத்துக் கருவியைச் சமன் செய்து, வடக்குப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். நம் குட்டி வீட்டுக்குள் இருந்தாள். போகாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் நுழைந்துவிடுகிறாள், தன் அப்பாவின் சட்டைகள் கொடியில் இருக்கின்றனவாம், அவற்றை எடுக்கவும் மாட்டாளாம், விட்டுவிட்டு வரவும் மாட்டாளாம்.

அப்போது என் போன் அலறியது. அதே சைரன் சத்தம். நான் செய்வதைப் பார்க்கக் கொல்லைக்கு வந்திருந்த சித்தி அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கல்லாகிவிட்டாள், கையில் துணியோடு அப்படியே நிற்கிறாள். நான் "குட்டி, வெளிய வாடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "இருங்க பெரியம்மா" என்று உள்ளேயிருந்து சாவதானமாகப் பதில் வந்தது. பிறகு எப்படி ஓடினேன் என்று தெரியாது, என் முழங்கால் உனக்குத் தெரியுமே, மாடிப்படிக்கே அழுகிற முழங்கால். தலைமுடியில் கை கிடைத்தது, முடியைப் பிடித்தே இழுத்தேன். இரண்டு பேரும் கொல்லையில் வந்து விழுந்தோம், தரை ஆடத் தொடங்கியது, ஏற்கனவே விரிந்திருந்த பக்கச் சுவர் கொடியையும் சட்டைகளையும் வாரிக்கொண்டு உள்பக்கமாகப் போனது. இந்த முறை உடைந்தது பிளவின் அடுத்த முனையில், ஊரிலிருந்து வெகுதூரம். தூரம் இருந்ததால் அவகாசம் இருந்தது. கேட்டவர்களுக்கு.

கடைத்தெருவில் யாரும் கேட்கவில்லை. அங்கே போன் கோபுரம் முதல் நாளே சாய்ந்துவிட்டது, சித்தி வீடு இருக்கிற மேட்டுக்கு மட்டும் பக்கத்து ஊர்க் கோபுரம் எட்டியது. சைரன் கம்பம் மொட்டையாக நின்றது. எலக்ட்ரீஷியனுடைய அண்ணனும் அண்ணியும், சாய்ந்திருந்த தங்கள் வீட்டிலிருந்து பாத்திர பண்டங்களை எடுக்க உள்ளே போயிருந்தார்கள். வாசல் நாலெட்டுத் தூரம்தான்.

அடுத்த நாள் அவர் சித்தி வீட்டுக்கு வந்தார். காதில் பென்சில் இல்லை. என்னைப் பார்த்து, "மேடம், அந்த சைரன் மேல இருந்திருந்தா எங்க அண்ணனுக்கு எவ்ளோ நேரம் கெடச்சிருக்கும்?" என்றார். இந்த மாதிரிக் கேள்விக்கு எண் எதுவும் கொடுக்கக் கூடாது, ஆய்வில் இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று இயக்குநர் எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு எண் தெரியும், முந்தின நாளே கணக்குப் போட்டுவிட்டேன், போடாமல் இருக்க முடியவில்லை. சித்தி தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பொய் சொன்னால் அவர் இன்னொருவரிடம் கேட்பார், அவரும் பொய் சொல்வார், கடைசியில் இந்த ஊரில் எங்கள் வாயிலிருந்து வருகிற எதையும் யாரும் நம்ப மாட்டார்கள், அடுத்த சைரனையும் சேர்த்து. சொன்னேன். பன்னிரண்டு விநாடி. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே உதட்டுக்குள் எண்ணினார், வாலு. ஒன்று, இரண்டு என்று மெதுவாக முழுசும் எண்ணினார். எண்ணி முடித்து, "நான் கேட்டிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வேன்.

அந்த வாரமே புதுச் சைரன் வைத்தோம். யாரும் தடுக்கவில்லை, யாரும் உதவிக்கும் வரவில்லை. எலக்ட்ரீஷியன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கம்பத்தை எங்கே நடுவது என்று எங்கள் ஆட்கள் கேட்டபோது சித்திதான் எழுந்து வந்து தன் வீட்டு முன்னால் இடம் காட்டினாள். "அந்தச் சத்தத்த நான் இனிமே கேக்கவே கூடாதுக்கா, ஆனா குட்டிக்குக் கேக்கணும்" என்றாள்.

அவர்கள் இரண்டு பேரையும் நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக அப்பா வந்தார். சித்தி வர மறுத்துவிட்டாள், குட்டியை மட்டும் அனுப்பியிருக்கிறாள், உன் அறையில்தான் படுக்கிறாள், அலமாரியை முடுக்கிவிட்டேன். திரும்பி வரும்போது வண்டியில் குட்டி பின்னால் தூங்கிவிட்டாள். அப்பா ஓட்டிக்கொண்டே, பல நாளைக்குப் பிறகு என்னோடு பேசினார். "அன்னிக்கு கடைல எனக்கு எத்தன செகண்ட் கெடச்சுது?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கடையில் கம்ப்ரஸர் ரேக் அவருடைய நாற்காலி மேல் விழுந்து கிடந்ததை நான் பார்த்திருந்தேன், அன்றைக்குப் போன் அலறி இவர் எழுந்து வெளியே வந்த பிறகுதான் அது விழுந்திருக்கிறது, அதை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. இருபது என்றேன். பிறகு, "அதுல பாதிய அவனுக்குக் குடுத்திருக்க முடியாதா?" என்றார். அது கேள்வியே இல்லை, அவருக்கும் தெரியும். சாலையோரம் நிறுத்தச் சொல்லி, இறங்கி, நான் வண்டியை ஓட்டினேன். வீடு வரும் வரை அவர் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தார், தம்பி செத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அழுதார்.

அதனால் நீ இனிமேல் தினமும் அப்பாவுக்கு ஒரு போன் போடு. பூகம்பத்தைப் பற்றிக் கேட்காதே, ஆறுதலும் சொல்லாதே. உன் ஃபிரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல், என்ன செய்யலாம் என்று கேள். குட்டியிடம் பேசு, அவள் அழுதால் அழ விடு. கட்டில் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் வைத்துக்கொள். உன் காலுக்குக் கீழே இருக்கிற தரை உன் காலம் முழுக்கத் தரையாகவே இருக்கட்டும், நீ நூறு வயசு இருக்க வேண்டும். போனில் அந்தச் சத்தம் வந்தால் எதையும் எடுக்க நிற்காதே, என் படத்தைக்கூட எடுக்காதே, ஓடு.

உன்னை நினைத்தபடி,
அம்மா