நேராக்கப்பட்ட சதுரம்

இளவழகன் அவர்களுக்கு,

குற்றவாளியைப் பிடிக்க போலீஸ் நாய் வேண்டாம். குறட்டை விட்டுத் தூங்குறீங்களே, உங்க கட்டைவிரல்ல ஃபெவிகால் காய்ஞ்சிருக்கு.

என் சார்ட்டுல முக்கோணத்தைத் தலைகீழாவும், சதுரத்தை ஒரு மூலையில நிக்கிற மாதிரியும் வேணும்னேதான் ஒட்டினேன். எப்படித் திருப்பினாலும் சதுரம் சதுரம்தான்னு மூணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குப் புரியணும். சாய்ஞ்ச சதுரத்தைப் பார்த்தாலே ‘டைமண்ட், மிஸ்!’னு கத்துதுங்க.

நீங்க நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, நான் சமையல்ல இருந்த நேரத்துல, எல்லாத்தையும் பிய்ச்சு நேரா ஒட்டி வெச்சிருக்கீங்க! மைன்ஸ்ல நிலக்கரி ஓடுற பெல்ட்டை நேராக்குற கை வூட்லயும் சும்மா இருக்காதா? இன்னைக்கு என் கிளாஸைப் பார்த்துட்டுத்தான், கான்ட்ராக்ட் டீச்சரான என்னை பர்மனென்ட் பண்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணப்போறாங்க.

‘கோடு போடச் சொல்லித்தர்றதெல்லாம் ஒரு வேலையா?’ன்னு நேத்து கேட்டீங்க. அதுக்குச் சமாதானமா இந்த உதவி? வாயைத் திறந்து ‘தப்பு’ன்னு சொல்ல வராதா?

ஹாட்பாக்ஸ்ல இட்லி இருக்கு. கேஸ் சிலிண்டர்காரர் வருவார். வெளிய போனா சாவியை எதிர் குவார்ட்டர்ஸ் சாஹிரா அக்காகிட்ட கொடுங்க. சாயங்காலம் என்கிட்ட பேசவே பேசாதீங்க.

எழில்மதி

பி.கு: சார்ட்டை அப்படியே எடுத்துக்கிட்டுப் போறேன். சாய்ச்சும் தலைகீழாவும் பிடிச்சு, ‘இப்ப இது என்ன?’ன்னு பிள்ளைங்களைக் கேட்கப்போறேன்.

இன்னொண்ணு: வட்டத்தையும் பிய்ச்சு நேரா ஒட்டியிருக்கீங்க. வட்டத்துக்கு எதுங்க நேர்? இதுக்கு மட்டும் சாயங்காலம் பதில் சொல்லலாம்.