இரண்டு முக்காலிகள்

1763, செப்டம்பர் 29
ஓட்ஸ் அறுவடை முடிந்தது. மழைக்கு முன் கடைசி வண்டியும் வந்து சேர்ந்தது. மகள் யூஃபனுக்கு இருமல். பிரபு எடின்பரோவிலிருந்து திரும்பியிருக்கிறார். மகளைத் தூக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. பயணக் களைப்பாக இருக்கும்.

அக்டோபர் 2, ஞாயிறு
களைப்பாவது மண்ணாவது! கோயிலில் பாதிரியார் கல்யாண அறிவிப்பு வாசித்தார் — கில்மோரா பிரபுவுக்கும் எடின்பரோ சர்க்கரை வியாபாரி மகளுக்கும். இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம். ஊரே திரும்பி என்னைப் பார்த்தது.

அக்டோபர் 3
கேட்டே விட்டேன். "நாலு வருஷம் முன்னாடி சபையில என்ன சொன்னீங்க?"

"பாதிரி வாயை அடைக்கச் சொன்னது, கிரிஸல். அதையே பிடிச்சுக்கிட்டு நிக்காதே. உனக்கு ஒரு வீடு தரேன்."

வீடாம்! யூஃபன் வயிற்றில் இருந்தபோது சபைப் பெரியவர்கள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். கல்யாணமாகாமல் பிள்ளை என்றால், இருவரும் மூன்று ஞாயிறு கோயில் நடுவே பாவ முக்காலியில் உட்கார வேண்டும். குடியானவர்கள் முன்னால் நானா என்று பிரபு எகிறி, "இவ என் மனைவி" என்றார். என்னையும் சொல்லச் சொன்னார். "இவர் என் கணவர்" என்றேன். சாட்சி முன் இருவரும் அப்படிச் சொன்னால் இந்த நாட்டில் அதுதான் கல்யாணம். "அம்மா காலம் முடியட்டும், ஊருக்கு அப்புறம் சொல்லலாம்" என்றார். அவர் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. நானும் நம்பினேனே, மடச்சி!

அக்டோபர் 6
அன்று நாங்கள் சொன்னதை எழுதிவைத்த சபைப் பதிவேட்டைப் பாதிரியாரிடம் கேட்டேன். "அந்தப் பக்கம் ஈரத்துல போயிடுச்சும்மா." முன்பக்கமும் பின்பக்கமும் காய்ந்து மொடமொடவென்று இருக்கின்றன, நடுவில் அது மட்டும் நனைந்ததாம்! அவரை வேலையில் வைத்ததே பிரபுதான். சாட்சியாக இருந்த மாவு மில் ஆடமுக்கும் ஞாபகம் இல்லையாம். மில் யாருடையது? பிரபுவுடையது. தூ.

அக்டோபர் 9, ஞாயிறு
இரண்டாம் அறிவிப்பு. எழுந்து மறுக்க நினைத்தேன், நாக்கு எழவில்லை. என் மேலேயே ஆத்திரம்.

அக்டோபர் 12
நான் எக்கேடு கெட்டாலும் போகிறது. என் பெண்ணை முறைதவறிப் பிறந்தவள் என்பார்களா? விடமாட்டேன்.

அக்டோபர் 16, ஞாயிறு
அறிவிப்பு வாசிக்கும் முன்னால் போய்ப் பாவ முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா இது? எழுந்திரும்மா" என்றார் பாதிரியார்.

"நான் மனைவி இல்லேன்னா பாவிதானே, ஐயா? மூணு வாரம் உக்காரறேன். பக்கத்துல இன்னொண்ணு போடுங்க. அதுல உக்கார வேண்டியவர் மேல மாடத்துல இருக்கார்."

மில் ஆடம் எழுந்து போனார். இரண்டாவது முக்காலியைத் தூக்கி வந்து, தூசி தட்டி, என் பக்கத்தில் போட்டார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

மாடத்திலிருந்து பிரபு கத்தினார்: "எழுந்திரு! கில்மோரா சீமாட்டி அங்க உக்காரக் கூடாது!"

கோயில் நிறைய ஆட்கள். பிரபுவின் மனைவிக்குத்தான் சீமாட்டி என்று பேர்; அது அத்தனை காதிலும் விழுந்தது. "இவர் என் கணவர்" என்று நானும் நிதானமாகச் சொன்னேன். பாதிரியார் அறிவிப்புத் தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 23, ஞாயிறு
பிரபு குடும்பத்து மாடத்தில் உட்கார்ந்தேன். பிரபு ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. எனக்கும் ஆத்திரம் தீரவில்லை. யூஃபன் எங்கள் நடுவே உட்கார்ந்து, கீழே கைநீட்டி, "அப்பா, அங்க ஏன் ரெண்டு முக்காலி?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். அவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். தலைகீழாக.